வரகுக்கோழியும் வரப்பின் உரிமையும்

ஆடி, ஆவணித் திங்கள்களில் ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்துச் சோங்கலியா வட்டாரத்தில் பாசிப்பயறும் உளுந்தும் சோளமும் தழைத்து நிற்கும். அப்பயிருக்குள்ளிருந்து கரிய பறவையொன்று ஓராள் உயரத்துக்கு எம்பிச் சிறகடித்து, தவளைக் குரலை ஒத்த ஒலி எழுப்பி, மறுகணமே பயிருக்குள் வீழ்ந்து மறையும். காதின் பின்னிருந்து வளைந்தெழும் இழை போன்ற இறகுகளே அதற்கு அணி. வடவர் கர்மோர் என்றும் தமிழர் வரகுக்கோழி என்றும் அழைக்கும் இப்பறவையின் ஆண், பெண்ணைக் கவர்வதற்காக ஒரே நாளில் பலநூறு முறை இவ்வாறு துள்ளும். அரைக் கிலோ எடையுள்ள உடலுக்கு இஃது எளிய உழைப்பன்று.

இத்துள்ளலே முன்னாளில் அதற்குப் பகையாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் துப்பாக்கி ஏந்தியவர்கள் அது எம்பும் தருணம் பார்த்துச் சுட்டு வீழ்த்தினர். பின்னர் புல்வெளிகள் ‘தரிசு’ எனப் பட்டியலிடப்பட்டு உழப்பட்டன; எஞ்சியவற்றையும் சுரங்கங்களும் சாலைகளும் கூறுபோட்டன. 2017ஆம் ஆண்டு நாடளாவி நடந்த கணக்கெடுப்பு, ஆண்பறவைகள் ஏறத்தாழ 340 மட்டுமே எஞ்சியிருக்கும் என மதிப்பிட்டது. 2021இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிக அருகிய இனங்களின் வரிசையில் சேர்த்தது. புல்வெளியை இழந்த பறவை உழவரின் பயறு வயலில் புகலடைந்திருக்கிறது. அது வாழும் இடம் பெரும்பாலும் அரசின் காடு அன்று, பட்டா நிலம்.

எனவே இப்பறவையைக் காணச் செல்பவர் யாராயினும், பிறர் உழைத்து விளைவித்த பயிரின் ஓரத்தில்தான் நிற்கிறார். இதனை அறியாதவர் போல நடந்துகொள்வோர் மழைக்காலந்தோறும் பெருகி வருவது நமக்குக் கவலையளிக்கிறது. ஈரமண்ணில் ஊர்தியை இறக்கிப் பறவையைத் துரத்துகின்றனர். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து அதனை ஏமாற்றி வரவழைக்கின்றனர். பூத்து நிற்கும் பயறுச் செடியினூடே ஒருவர் நடந்தால் உதிர்வது பூ மட்டுமன்று, உழவர் குடும்பத்தின் வருவாயுமாகும். அடிக்கடி துரத்தப்படும் ஆண் தன் ஆடுகளத்தைக் கைவிடும். பெண் தரையில் முட்டையிட்டுத் தனியே அடைகாக்கிறது. அது அஞ்சி எழுந்தோடினால் முட்டைகள் காகத்துக்கும் நாய்க்கும் இரையாகும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டை என்றே வரையறுக்கிறது. கையில் இருப்பது துப்பாக்கியா படக்கருவியா என்று அவ்வரையறை வினவவில்லை.

ஆயினும் சட்டம் இங்கே ஓரளவுக்குத்தான் துணைநிற்கும். சரணாலயத்துக்குள் படமெடுக்க வனத்துறையின் இசைவு வேண்டும். பயறு வயலுக்குக் காவலர் இல்லை, வாயிலும் இல்லை. அங்கே இசைவு தரவோ மறுக்கவோ உரியவர் உழவர் ஒருவரே. அவரது மனம் முறிந்தால் பறவைக்கு என்ன நேரும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்துக் கரேரா சான்று பகர்கிறது. வரகுக்கோழியின் பெரிய உறவான கானமயிலைக் காக்க 1981இல் அங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஊர்களின் வேளாண் நிலங்கள் அதனுள் அடங்கின. தம் நிலத்தைத் தாமே விற்கவும் இயலாத நிலைக்கு மக்கள் ஆளாயினர். பறவையால் வந்த வினை என்று அவர்கள் கருதியதில் வியப்பில்லை. 1990களில் கானமயில் அங்கிருந்து மறைந்தது. பின்னர் சரணாலய அறிவிப்பே நீக்கப்பட்டது. தன் நிலத்தில் அரிய பறவை இருப்பதைப் பெருமையாகக் கருதும் உழவர், அதனைத் தொல்லையாகக் கருதத் தொடங்குவதற்கு அரசாணைதான் வரவேண்டும் என்பதில்லை. கேளாமல் நுழையும் பத்து ஊர்திகள் போதும்.

ஆதலால், செல்வோர் முதலில் கேட்க வேண்டும். நிலத்தின் உடைமையாளர் ஊரில் இல்லாது குத்தகைக்கு உழுபவர் இருப்பின் அவரையும் கேட்க வேண்டும். சேதத்தைச் சுமப்பவர் அவரே. வேண்டாம் என்று அவர் சொன்னால் காரணம் கேளாமல் திரும்புவதே முறை. சென்னையிலிருந்து இரண்டு நாள் இரயிலில் வந்தோம் என்பது அவருக்குப் பொருட்டாக வேண்டியதில்லை. ஊர்தி பாதையிலேயே நிற்கட்டும். அதனுள் அமர்ந்தபடி பார்ப்பவரைப் பறவையும் அவ்வளவாக அஞ்சுவதில்லை. கால்நடையாக நெருங்கும் மனிதனைக் கண்டே அது பதுங்கும். முள்வேலியின் படலைத் திறந்தவர் மூடிவிட்டு வரவேண்டும்; ஓர் இரவு அது திறந்து கிடந்தால் ஆடுகள் விளைச்சலைத் தீர்த்துவிடும். களையெடுக்கும் பெண்டிரின் பக்கம் படக்கருவியின் நெடுவில்லையைத் திருப்புவதும், அவர்களைக் கேளாமல் படமெடுப்பதும் கீழ்மை. பறவையை மட்டுமே நோக்கி வந்தவர்களுக்கு இது நினைவிருப்பதில்லை என்பதால் இதனைத் தனியே குறிக்கிறோம். பறவை துள்ளும் இடத்தைத் துல்லியமாக ஊரறியப் பரப்புவதும் இன்றே நிறுத்தப்பட வேண்டிய பழக்கம்.

பிரிட்டனில் அரிய பறவையொன்று யாரேனும் ஒருவரது பண்ணையில் இறங்கினால், காண வருவோர் வாயிலில் வைத்த வாளியில் பணமிட்டுச் செல்லும் வழக்கம் உண்டு. வாளி நமக்கு வேண்டியதில்லை. அதன் பின்னுள்ள எண்ணம் வேண்டும். இன்று சுற்றுலா ஏற்பாட்டாளரும் விடுதியும் ஊர்தி உரிமையாளரும் இப்பறவையால் ஈட்டுகின்றனர். அது வாழும் வயலுக்குரியவருக்குக் கிட்டுவதோ தேநீருக்கான அழைப்பு. மத்தியப் பிரதேசத்தின் சைலானாவில், பறவையியலாளர் சாலிம் அலியின் வலியுறுத்தலைத் தொடர்ந்து 1983இல் இப்பறவைக்கெனச் சரணாலயம் அமைந்தது. பறவை தம் வயலில் இருப்பதைத் தெரிவித்துக் காக்கும் உழவருக்கு வனத்துறை அங்கே பரிசுத்தொகை வழங்கியதுண்டு. அந்நெறியை ராஜஸ்தான் அரசு விரிவாகக் கைக்கொள்ள வேண்டும். புதிய தடையாணைகளால் நிலத்தை முடக்காமல், குஞ்சுகள் பறக்கும்வரை வயலின் ஒரு பகுதியை அறுவடை செய்யாமல் விடும் உழவருக்கு அவ்விளைச்சலின் விலையை அறுவடை நாளிலேயே தருக. வழிகாட்டிகளை அவ்வூர் இளைஞர்களிடமிருந்தே தேர்ந்து பயிற்றுக. ஒரே வேளையில் ஒரு வயலருகே எத்தனை ஊர்தி நிற்கலாம் என்பதை ஊரவை முடிவு செய்க; வருவோரிடம் பெறும் கட்டணத்தில் நிலத்துக்குரியவரின் பங்கும் உழுபவரின் பங்கும் அடுத்த மழைக்கு முன்பே எழுத்தில் உறுதியாகட்டும்.