ஏட்டில் பெயர் இல்லாதவர்கள்

வேதாகமத்தை இந்த வருடமாவது முழுதாகப் படித்துவிடுவது என்று கிளம்புகிறவர்களில் பலர் முதல் நாளாகமத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆதாம், சேத், ஏனோஸ் என்று தொடங்கி ஒன்பது அதிகாரங்களுக்குப் பெயர்கள், மேலும் பெயர்கள். கை தானாகப் பக்கத்தைத் தள்ளும்.

யூத ரபிமார்கள் அப்படித் தள்ளவில்லை. ஆத்சேல் என்பவரின் ஆறு பிள்ளைகள் எட்டாம் அதிகாரக் கடைசியில் வருகிறார்கள். ஒன்பதாம் அதிகாரக் கடைசியில் மறுபடியும் வருகிறார்கள். இந்த இரண்டு ஆத்சேலுக்கும் நடுவே நானூறு ஒட்டகச் சுமை விளக்கம் உண்டு என்கிறது பாபிலோனியத் தால்மூத். ரபிமார்களுக்கே உரிய மிகை!

எனக்கு எஸ்றாவின் இரண்டாம் அதிகாரமே போதும். கி.மு. 586-இல் எருசலேம் எரிந்து, ஜனங்கள் பாபிலோனுக்குப் போனார்கள். கி.மு. 538-இல் பாரசீக அரசர் கோரேசு திரும்பிப்போக அனுமதி கொடுத்தார். யார் யார் வந்தார்கள் என்று வீடு வீடாகக் கணக்கு: மொத்தம் 42,360 பேர். கழுதைகள் 6,720 என்பது வரை எழுதிவைத்திருக்கிறார்கள். தனித்தனி எண்களைக் கூட்டினால் முப்பதாயிரத்தைக்கூட எட்டாது என்பது வேறு விஷயம்.

இந்தக் கணக்கின் நடுவில் ஒரு சிக்கல். அபாயா, கோஸ், பர்சிலாய் என்று மூன்று ஆசாரியக் குடும்பங்கள். வம்ச ஏட்டில் தேடினால் இவர்கள் பெயரைக் காணோம். பர்சிலாய் வீட்டின் கதை இன்னும் விசேஷம். அந்த வீட்டு மூதாதை கிலேயாத்துப் பர்சிலாயின் குடும்பத்தில் பெண் எடுத்து, மாமனார் வீட்டுப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டவர். மூன்று குடும்பங்களும் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டன. கடவுளின் சித்தத்தைக் கேட்டறியும் ஊரீம் தும்மீம் வைத்திருக்கும் ஆசாரியர் ஒருவர் வந்து தீர்ப்புச் சொல்லும்வரை மகா பரிசுத்தமான பங்கைச் சாப்பிடக்கூடாது என்றார் ஆளுநர். காணிக்கையில் வரும் பங்குதான் ஆசாரியரின் ஜீவனம். ஆக, ஏட்டில் பெயர் இல்லை என்றால் இலையிலும் சோறு இல்லை.

கொடுமை என்று தோன்றும். ஆனால் அரைநூற்றாண்டு வெளியூரில் கிடந்து திரும்பியவர்களுக்கு எது எவர் நிலம், பலிபீடத்தில் எவர் நிற்கலாம் என்று சொல்ல வேறு என்ன அத்தாட்சி இருந்தது? வம்சப் பட்டியல் அவர்களுக்கு வாரிசுச் சான்றிதழ். பக்தி அப்புறம்தான்.

ஆனாலும் இவ்வளவு கெடுபிடியான ஏட்டுக்குள் யாரெல்லாம் நுழைந்திருக்கிறார்கள் பாருங்கள். முதல் நாளாகமம் இரண்டாம் அதிகாரத்தில், யூதா கோத்திரத்துச் சேசானுக்கு ஆண் பிள்ளை இல்லை, பெண் பிள்ளைகள்தான். வீட்டில் யர்கா என்றொரு எகிப்திய அடிமை. மகளை அவனுக்கே கட்டிக்கொடுத்தார் சேசான். யர்காவிலிருந்து எலிஷாமா வரை பதின்மூன்று தலைமுறை, யூதாவின் கணக்கிலேயே ஓடுகிறது. எழுதியவருக்கு இதை மறைப்பது வெகு சுலபம். யர்கா எகிப்தியன் என்ற ஒரு சொல்லை விட்டிருந்தால் போதும். விடவில்லை. ஏழாம் அதிகாரத்தில் சேராள் என்ற பெண் ஊர்களைக் கட்டியவளாக வருகிறாள். மோவாபியர் சபைக்குள் வரக்கூடாது என்று உபாகமம் சொல்ல, தாவீதின் கொள்ளுப்பாட்டி ரூத் மோவாபியப் பெண். வெளியே தள்ளவும் உள்ளே சேர்க்கவும் ஒரே பேனாதான் போலிருக்கிறது.

சரி, கோஸ் வீட்டாருக்கு என்ன ஆயிற்று? ஊரீம் தும்மீமோடு ஆசாரியர் யாரும் வந்ததாக எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் நெகேமியா எருசலேம் மதிலைப் பழுதுபார்த்தபோது, கோஸ் வழியில் உரியாவின் மகன் மெரெமோத் மதிலில் இரண்டு இடங்களைக் கட்டுகிறார். எஸ்றா எட்டாம் அதிகாரத்தில் ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து வாங்கிக்கொள்கிறவர், உரியா என்ற ஆசாரியரின் மகன் மெரெமோத். இரண்டு பேரும் ஒருவரே என்றுதான் நான் நினைக்கிறேன். முதல் நாளாகமம் 24-ஆம் அதிகாரத்தில் ஆசாரியருக்கு 24 ஊழிய முறைகள் பங்கிடப்படுகின்றன. ஏழாவது முறை கோஸ் என்ற அதே பெயருக்கு விழுந்திருக்கிறது.