காஸைக் கூட்டுவதற்கு முன்

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் குவியும் போலீசார் பத்தாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் கையில் லத்திதான். ஆயுதக் காவலில் நிற்கும் சிலரிடம் மட்டும் எஸ்.எல்.ஆரோ இன்சாஸோ இருக்கும். ரமணாசிரமத்தை ஒட்டிச் செல்லும் செங்கம் சாலையில் கிரிவலக் கூட்டம் விடிய விடிய நகரும். வடகிழக்குப் பருவமழை அதற்காகக் காத்திருப்பதில்லை. 2024-ல் ஃபெஞ்சல் புயலின் ஈரம் காய்வதற்குள் டிசம்பர் 13 அன்று தீபம் வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஒரு பந்தோபஸ்து முடிந்து துப்பாக்கிகள் ஆர்மரிக்குத் திரும்பியதும் என்ன நடக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். துரு பயத்தில், நுனி முதல் கட்டை வரை எண்ணெய்.

குழலுக்கு அது நல்லது, போல்ட்டுக்கும் நல்லது. பிஸ்டனுக்கும் காஸ் சிலிண்டருக்கும் அதுவே வினை. அவை இரண்டும் துடைத்துக் காய்ந்த நிலையில் இருக்க வேண்டியவை. ஆண்டுப் பயிற்சிச் சுடுதலில் அந்த எண்ணெய் எரிந்து, கரியோடு குழைந்து, பிஸ்டன் தலையில் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி இறுகிவிடும். மூன்றாவது மேகசினில் துப்பாக்கி நிற்கும். பக்கத்தில் நிற்பவர் காம்பினேஷன் டூலை எடுத்து ரெகுலேட்டரை இரண்டு கிளிக் மூடுவார். துப்பாக்கி ஓடத் தொடங்கிவிடும். எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அந்த இரண்டு கிளிக் பழுதைப் போக்கவில்லை, மறைத்திருக்கிறது. காஸ் ரெகுலேட்டர் கடைசியாகத் தொட வேண்டிய பாகம். நம் ஆர்மரிகளில் அதுதான் முதலில் தொடப்படுகிறது.

எஸ்.எல்.ஆரின் மூலம் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் தியுதொனே சேவ் வடிவமைத்த ஃபால் துப்பாக்கி. 1962 போருக்குப் பின் லீ என்ஃபீல்டின் இடத்தில் அது இந்தியப் படைக்கு வந்தது. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை அதை 1ஏ1 என்ற பெயரில் செய்து தள்ளியது. தோட்டா 7.62×51. குண்டு குழலில் காஸ் துளையைத் தாண்டியதும் வாயுவில் ஒரு பங்கு மேலே ஏறி, குட்டையான ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. பிஸ்டன் கேரியரை ஓர் அடி அடித்துவிட்டு, தன் ஸ்பிரிங்கின் வலுவில் முன்னால் திரும்பிவிடும். மீதிப் பயணத்தைக் கேரியர் அந்த ஒரே அடியின் வேகத்தில்தான் முடிக்க வேண்டும். பூட்டைத் திறப்பது, காலித் தோட்டாவை இழுப்பது, வெளியே எறிவது, ரிட்டர்ன் ஸ்பிரிங்கை அழுத்துவது எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். குண்டு துளையைத் தாண்டி வாய் வழியே வெளியேற ஆகும் நேரம் ஒரு மில்லி நொடிகூட இல்லை. வாயு கிடைப்பது அவ்வளவு நேரம்தான்.

இதில் சேவ் செய்த புத்திசாலித்தனம் தேவையான வாயுவை மட்டும் உள்ளே விடுவதில் இல்லை. வேண்டாததை வெளியே விடுவதில் இருக்கிறது. ரெகுலேட்டர் வளையம் ஒரு வெளியேற்றுத் துளையைத் திறந்து மூடுகிறது. முழுக்கத் திறந்தால் வாயுவில் பெரும்பகுதி காற்றில் போகும், பிஸ்டனுக்கு அடி குறையும். மூட மூட அடி கூடும். பிரென் வழிவந்த எல்.எம்.ஜி.யில் கதை நேர் எதிர். அதன் ரெகுலேட்டரில் நான்கு அளவுத் துளைகள் உண்டு. பெரிய துளை என்றால் பிஸ்டனுக்கு அதிக வாயு. இரண்டும் ஒரே தோட்டாவைச் சுடுபவை, ஒரே ஆர்மரியில் அடுத்தடுத்த ரேக்கில் நிற்பவை. எல்.எம்.ஜி. பழகிய கை எஸ்.எல்.ஆரைத் தொடும்போது, கூட்ட நினைத்துக் குறைத்துவிடுவதும் குறைக்க நினைத்துக் கூட்டிவிடுவதும் நடக்கத்தான் செய்யும்.

பிரெனின் பயிற்சி முறையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். துப்பாக்கி நின்றால் முதலில் மேகசினைக் கழற்று, காக் செய், மேகசினை மாட்டு, சுடு. மறுபடியும் நின்றால் மட்டுமே ரெகுலேட்டரை அடுத்த பெரிய துளைக்குத் திருப்பு. போர்க்களத்தின் அவசரத்தில்கூட ரெகுலேட்டர் இரண்டாவது படியில்தான் வருகிறது. ரேஞ்சில் நாள் முழுக்க நேரம் வைத்துக்கொண்டிருக்கும் நாம் ஏன் அங்கிருந்தே தொடங்க வேண்டும்?

எஸ்.எல்.ஆருக்குக் காஸ் செட் செய்யும் வழக்கமான முறை எளிது. துப்பாக்கி சுத்தமாக, பிஸ்டன் காய்ந்து இருக்க வேண்டும். ரெகுலேட்டரை முழுக்கத் திறந்து, மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட வேண்டும். போல்ட் பின்னால் நிற்காவிட்டால் ஒரு கிளிக் மூடி மறுபடி சுட வேண்டும். நிற்கும் வரை இதே வேலை. நின்றபின் இரண்டு கிளிக் கூடுதலாக மூடி விட்டுவிட வேண்டும். அழுக்குக்கும் சூட்டுக்குமான கையிருப்பு அது. கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் தானாக நிற்கும் வசதி ஃபாலில் உண்டு. பிரிட்டிஷார் தங்கள் எல்1ஏ1-ல் அதை எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட துப்பாக்கியில் இரண்டு தோட்டா போட்டு, இரண்டாவது ஒழுங்காகச் சேம்பருக்குள் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த இரண்டு கிளிக் கையிருப்பு ஏற்கெனவே செலவான துப்பாக்கியில் மேலும் இரண்டு மூடும்போது. அதிக வாயு வாங்கும் கேரியர் பின்சுவரில் மோதும். குழலில் அழுத்தம் இறங்குவதற்குள் எக்ஸ்ட்ராக்டர் இழுக்கத் தொடங்குவதால் காலித் தோட்டாவின் விளிம்பு பிய்யும். அதைவிட ஏமாற்றுவது வேறொன்று. கேரியர் முன்னால் திரும்பும் வேகத்துக்கு மேகசின் ஸ்பிரிங் ஈடுகொடுக்காது. அடுத்த தோட்டா மேலே வருவதற்குள் போல்ட் அதைத் தாண்டிப் போய்விடும். சேம்பர் காலி, மேகசினில் தோட்டா மிச்சம். வாயு குறைந்த துப்பாக்கியும் இதே அடையாளத்தைத்தான் காட்டும், ஏனென்றால் அங்கே போல்ட் தோட்டாவைப் பிடிக்கும் தூரம் வரை பின்னால் வந்திருக்காது. ஒரே நோய்க்குறி, எதிரெதிர் காரணம். மூடுவதே மருந்து என்று பழகியவர், இரண்டாவது வகையில் பாதி நேரம் பிழைத்துக்கொள்வார். முதல் வகையில் துப்பாக்கியை உடைப்பார்.

எது எது என்று சொல்வது வெளியே விழும் காலித் தோட்டாதான். காலின் அருகே சோம்பேறியாக விழுந்தால் வாயு போதவில்லை. வெகுதூரம் எகிறி, விளிம்பில் எக்ஸ்ட்ராக்டர் கடித்த தடத்தோடு கிடந்தால் அதிகம். மேகசினை மாற்றிப் பார்ப்பதும் அரை நிமிட வேலை: பழுது மேகசினோடு இடம் மாறினால் ரெகுலேட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காஸ் பிளக்கைக் கழற்றி, ஸ்பிரிங் இல்லாமல் பிஸ்டனைச் சிலிண்டருக்குள் நழுவவிட்டால் அது தன் எடையிலேயே இறங்க வேண்டும். நடுவில் நின்றால் கரி, அல்லது வளைவு. இவ்வளவும் பார்த்தபின் ரெகுலேட்டருக்கு வரலாம்.

பழைய துப்பாக்கிகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஆயிரக்கணக்கில் சுட்ட குழலில் காஸ் துளை அரித்துப் பெரிதாகும், வாயு கூடும். அதே துப்பாக்கியில் பிஸ்டன் தலையும் தேய்ந்திருக்கும்; வாயு ஒழுகும். ஒன்று திறக்கச் சொல்லும், மற்றது மூடச் சொல்லும். அதனால்தான் ஒரு துப்பாக்கியின் எண்ணை அடுத்த துப்பாக்கிக்கு அப்படியே வைக்கும் பழக்கம் உதவாது. ரேக் முழுவதும் ஒரே எண்ணில் இருப்பது கண்ணுக்கு அழகு. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

தோட்டா மாறினாலும் எண் மாறும். உலகம் இதை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்ற இடம் வியட்நாம். யூஜின் ஸ்டோனரின் ஏஆர்-15 ஒரு வகை மருந்தைக் கணக்கில் வைத்துப் பிறந்தது. அமெரிக்க இராணுவம் எம்16-க்காகத் தோட்டா வாங்கும்போது டபிள்யூசி846 என்ற உருண்டைமணி மருந்துக்கு மாறியது. குண்டின் வேகம் பழையபடியே இருந்தது. காஸ் துளையில் அழுத்தம் மட்டும் ஏறியது. சுடும் வேகம் கூடியது, மருந்தில் இருந்த கால்சியம் கார்பனேட் படிந்தது, குரோம் பூசாத சேம்பரில் காலித் தோட்டாக்கள் சிக்கின. திருப்பிச் சரிசெய்ய அந்தத் துப்பாக்கியில் ரெகுலேட்டர் கிடையாது. பலருக்குச் சுத்தம் செய்யும் உபகரணமும் கொடுக்கப்படவில்லை. ரிச்சர்ட் ஐகோர்ட் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு 1967-ல் இதை விசாரித்தது. கனமான பஃபர், குரோம் சேம்பர், மருந்தில் மாற்றம் என்று ஒவ்வொன்றாகத் திருத்தங்கள் வந்தன. துப்பாக்கி அதேதான், தொழிற்சாலையும் அதேதான். மாறியது ஒரு பெட்டித் தோட்டா.

நம் ரேஞ்சுகளில் அந்த அளவு மாற்றம் நேர்வதில்லை. ஆனால் லாட் எண் மாறுகிறது, பழைய இருப்பு கலக்கிறது, மே மாத வெயிலில் பெட்டி திறந்தபடி மணிக்கணக்கில் கிடக்கிறது. சூடான மருந்து அதிக அழுத்தம் தரும். காலை ஆறு மணிக்குச் செட் செய்த காஸ் நண்பகலில் அதே அடியைக் கொடுக்கும் என்று நம்ப இடமில்லை.

இன்சாஸ் இந்தப் பேச்சில் தனியாக நிற்கிறது. 5.56×45 தோட்டா, கலாஷ்னிகோவ் பாணி நீண்ட பிஸ்டன், சுழலும் போல்ட், அதோடு ஃபால் வழியில் கையால் திருப்பும் ரெகுலேட்டர். 1999 கார்கிலில் மேகசின் குளிரில் விரிசல் விட்டதும், துப்பாக்கி சிக்கிக்கொண்டதும், எண்ணெய் சுடுபவர் முகத்தில் தெறித்ததும் புகார்களாக வந்தன. 2005 ஆகஸ்டில் காலிகோட்டில் மாவோயிஸ்டுகளிடம் 43 வீரர்களை இழந்த நேபாள இராணுவம் இன்சாஸையே குறை சொன்னது. பயன்படுத்திய முறையும் பராமரிப்பும் சரியில்லை என்று இந்தியத் தரப்பு பதில் சொன்னது. இரு தரப்பும் பொதுவாகப் பேசின. எந்தத் துப்பாக்கி, எத்தனை ரவுண்டுக்குப் பின், எந்த எண்ணில், எந்த லாட் தோட்டாவோடு நின்றது என்ற விவரம் இல்லாமல் இப்படிப்பட்ட வாதம் எங்கும் முடியாது.

தமிழ்நாட்டில் இனி வரும் துப்பாக்கிகளில் ரெகுலேட்டர் குறையும் என்றே தோன்றுகிறது. 1966-ல் தொடங்கி, 2021 அக்டோபர் 1 முதல் ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். நிறுவனத்தின் கீழ் இயங்கும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை இன்சாஸோடு 7.62×39 தோட்டாவுக்கான டார் துப்பாக்கியையும் செய்கிறது. அது கலாஷ்னிகோவ் குடும்பம்: வாயுத் துளை நிலையானது, வேண்டுமென்றே தாராளமானது. அழுக்கை அது தாங்கும். அதனாலேயே பழுது வெளியே தெரியத் தாமதமாகும். அங்கே ஆர்மரர் பார்க்க வேண்டியவை பிஸ்டன் தலையும் காஸ் டியூபும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும்தான்.

எஸ்.எல்.ஆர். ரேக்கில் இருக்கும் வரை ஒரு சிறிய மாற்றம் போதும். ஒவ்வொரு துப்பாக்கியின் ஹிஸ்டரி ஷீட்டிலும் நான்கு கட்டங்கள் சேர்க்கலாம்: செட் செய்த தேதி, போல்ட் முதலில் நின்ற எண், விட்டு வைத்த எண், தோட்டாவின் லாட். ரேஞ்சில் யாராவது ரெகுலேட்டரைத் தொட்டால் அதே நாளில் ஐந்தாவது வரியாக அதையும் எழுத வேண்டும், எழுதியவர் கையெழுத்தோடு. இதற்குப் புதுச் சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை. பால்பாயிண்ட் பேனாவும், துப்பாக்கி ஆர்மரிக்குத் திரும்பிய அன்று மாலையே பிஸ்டனைக் கழற்றிச் சிந்தித் துணியால் துடைத்து எண்ணெய் தொடாமல் மாட்ட ஒருவரும் இருந்தால் சரி.