லேப்டாப் செத்துப்போச்சுன்னு யாரு சொன்னது?

கோல் மார்க்கெட்டில் எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸ் மாமாவின் லேப்டாப் போன வாரம் படுத்துவிட்டது. விண்டோஸ் பூட் ஆகவில்லை. கடைக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஃபார்மட் பண்ணணும், எல்லாம் போயிடும். பேசாம புதுசு வாங்கிடுங்க." உள்ளே இருந்தது மாமியின் படங்கள். மாமி இப்போது இல்லை.

நம்மாட்களுக்குக் கடைக்காரர் சொன்னால் வேதவாக்கு!

விண்டோஸ் கெட்டால் ஹார்ட் டிஸ்க்கும் கெட்டது என்று அர்த்தமில்லை சாமி. வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட்டை இறக்கி, ரூஃபஸ் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள் (அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும்). செருகி, ஆன் செய்ததும் டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 தட்டி, பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் அதிலிருந்தே ஓடும். 'இன்ஸ்டால்' கொடுக்காதவரை உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் ரெகவரி கீ வேண்டும். டிஸ்க்கே போயிருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது.

மாமாவுக்குப் பலித்தது. அரை மணியில் மாமி திரையில் சிரித்தார்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. டிபிஎம் 2.0 இல்லாத மெஷினில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. உடனே நல்ல லேப்டாப்பைக் கபாடிவாலாவிடம் தள்ளுகிறோம். அதே பென் டிரைவில் லினக்ஸை ஓட்டிப் பார்த்தோமா?

பிள்ளையின் கோடிங் கிளாஸுக்கு ஆயிரமாயிரமாய்க் கட்டுகிறோம். எஃப்12 எதற்கென்று சொல்லித் தந்தோமா? இந்த ஞாயிறு உட்கார வையுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.