தாழ்ந்த ஒலியில் தேறும் பெட்டி

கையடக்கப் புளூடூத் ஒலிபெருக்கி வாங்கக் கடைக்குச் செல்பவர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்?" என்பது. அடுத்தது, "பேஸ் எப்படி?" என்பது. விற்பவரும் அதற்கேற்ப ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றி, முழக்கம் மிகுந்த ஒரு திரைப்பாடலை ஓடவிடுகிறார். நெஞ்சுக்கூடு அதிர்கிறது, பணம் கைமாறுகிறது. ஆனால் அந்தப் பெட்டி வாழப்போவது இருவர் தங்கும் விடுதி அறையிலோ, நான்கு பேர் புழங்கும் வீட்டின் சமையல் மேடையிலோதான். அங்கே அது உச்ச ஒலியில் பாடப்போகும் நேரம் மிகக் குறைவு. அன்றாடக் கேட்புக்கான கருவியைத் தேர்வோர் கேட்க வேண்டிய கேள்வி இதற்கு நேர்மாறானது: ஒலியைக் குறைத்தால் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது?

வாட் என்னும் எண் தரும் மயக்கத்தை முதலில் களைய வேண்டும். ஒரே ஒலிபெருக்கிக்கு அளிக்கும் மின்திறனை இரட்டித்தால் கிடைக்கும் ஒலி உயர்வு 3 டெசிபல் மட்டுமே. கவனித்துக் கேட்டால் புலப்படும் அளவு அது. காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகத் தோன்ற 10 டெசிபல் உயர வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். தவிரவும், பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட வாட், மின்திறனைப் பற்றியதே. அதில் எவ்வளவு ஒலியாக மாறுகிறது என்பதை அது சொல்வதில்லை. 10 வாட் பெட்டி 5 வாட் பெட்டியைக் காட்டிலும் இருமடங்கு உரக்கப் பாடும் என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுப்பவர் ஏமாற்றத்தையே விலைக்கு வாங்குகிறார்.

தொலைவின் கணக்கு இதைவிடப் பயனுள்ளது. திறந்த வெளியில் ஒலிமூலத்துக்கும் காதுக்கும் உள்ள தொலைவு பாதியானால் ஒலி 6 டெசிபல் உயர்கிறது. சுவர்கள் எதிரொலிக்கும் அறைக்குள் இந்த உயர்வு சற்றுக் குறையும். எனினும் நேரே வந்து சேரும் ஒலிக்கு விதி அதுவே. 2 மீட்டர் தொலைவில் அலமாரியின் மேல் இருந்த பெட்டியை 1 மீட்டர் தொலைவில் மேசைக்குக் கொண்டுவருவது, வாட்டை நான்கு மடங்காக்குவதற்கு இணை. இதற்குச் செலவு ஏதுமில்லை. கையடக்கம் என்னும் பண்பின் உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது. ஒலியைக் கேட்பவருக்கு அருகில் கொண்டுவந்து, அடுத்தவருக்கு எட்டாத அளவில் வைத்துக்கொள்ள அது இடமளிக்கிறது. விளம்பரங்களோ இதே பண்பைக் கடற்கரைக்கும் மொட்டைமாடிக்கும் பேரொலியைச் சுமந்து செல்லும் வசதியாகவே காட்டுகின்றன.

கடையில் நடக்கும் செவிச்சோதனை தவறிப்போவதற்குக் காதின் இயல்பே காரணம். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகள் ஓர் உண்மையை நிறுவின: ஒலி தாழும்போது கீழ்ச்சுரங்களுக்கான காதின் உணர்திறன் ஏனையவற்றைவிட வேகமாகக் குறைகிறது. உச்ச ஒலியில் நிறைவாகத் தோன்றிய பெட்டி, நள்ளிரவில் ஒலியைத் தணித்ததும் மெலிந்துபோவது இதனால்தான். சில கருவிகள் தாழ்ந்த ஒலியில் கீழ்ச்சுரங்களைச் சற்றே உயர்த்தி இதை ஈடுசெய்கின்றன, சில செய்வதில்லை. எது எப்படி என்பதைப் பெட்டியின் அட்டையில் காண முடியாது. ஒலியைக் குறைத்துக் கேட்டால் மட்டுமே தெரியும்.

கல்விப்புலத்தில் இருப்போர் அன்றாடம் கேட்பதில் பெரும்பகுதி பேச்சு. 2003இல் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் தொடங்கிய என்பிடெல் விரிவுரைகள், இணையக் கருத்தரங்குகள், வானொலிச் செய்திகள், ஒலிநூல்கள் என அது நீள்கிறது. பேச்சில் உயிரொலிகளின் வலு பெரிதும் கீழ் அலைவெண்களில் இருக்கிறது; மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் நுண்குறிப்புகள் பெரிதும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளன. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை மட்டுமே கடத்தியும் உரையாடல் நடந்தது. பேஸை மிகைப்படுத்திய பெட்டியில் இந்த நடுப்பகுதி மங்கிப்போகிறது. தலைக்கு மேல் மின்விசிறி சுழலும் அறையில், விரிவுரையாளர் சொன்னது புரியாமல் ஒலியை ஏற்ற வேண்டியிருக்கிறது. ஏற்றினாலும் முதலில் பெருகுவது முழக்கம், தெளிவு பின்தங்குகிறது. அடுத்த அறையின் சுவரைத் தாண்டிச் செல்வதும் அந்தக் கீழ் அலைவெண்களே. புரிதல் இந்தப் பக்கம் நிற்க, தொல்லை மட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறது.

இசைக்கு வேறு அளவுகோல் வேண்டாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கொல்கத்தாவில் பணியாற்றிய காலத்தில் சி. வி. ராமன் இந்திய இசைக்கருவிகளை ஆராய்ந்தார். 1920இல் சிவகாளி குமாருடன் இணைந்து, நடுவில் கரும்பூச்சு ஏற்றிய தோல், மிருதங்கத்துக்கும் தபலாவுக்கும் இசைவான மேற்சுரங்களைத் தருகிறது என்று விளக்கினார். தம்புராவின் செழுமையும் அதன் பாலத்தில் பிறக்கும் மேற்சுரங்களில் இருக்கிறது. அடிப்படை அலைவெண் காதுக்கு வந்து சேராவிட்டாலும், அதன் மேற்சுரங்களிலிருந்து செவியும் மூளையும் சுருதியை உய்த்துணர்ந்துகொள்கின்றன. உள்ளங்கை அளவுள்ள பெட்டியிலும் தம்புரா தம்புராவாகவே ஒலிப்பதற்கு இதுவே காரணம். ஆனால் மிருதங்கத்தின் தொப்பியும் தபலாவின் இடப்பக்கமும் தரும் கனத்தைச் சில சென்டிமீட்டர் விட்டமுள்ள கூம்பு அப்படியே தர இயலாது. அது அசைக்கும் காற்றின் அளவு போதாது. அந்தக் கனம் வேண்டுவோர் பெரிய பெட்டியை நாட வேண்டும். சிறிய பெட்டியில் அதைத் தருவதாகச் சொல்லும் வாசகத்தை ஐயத்தோடு அணுகுவது நல்லது.

அவ்வளவு கவலை எதற்கு, காதணிக் கருவி போதாதா என்பது மற்றொரு வாதம். தனிமை வேண்டிய நேரத்துக்கு அது போதும். ஆனால் நாள் முழுதும் காதுக்குள் ஒலியை வைத்திருப்பதற்கும் வரம்பு உண்டு. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட நெறிமுறை, வயது வந்தோருக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என அந்த வரம்பை வகுத்தது. அருகில், அடக்கமாகப் பேசும் ஒலிபெருக்கி காதைத் திறந்தே விடுகிறது. கதவு தட்டுவதும் அறைத்தோழர் அழைப்பதும் கேட்கிறது.

எஞ்சிய கூறுகளை இந்த அளவுகோலின் கீழ் எளிதில் எடைபோடலாம். ஒலிக்குறிமுறைகளில் எஸ்பிசி புளூடூத் இசைக்கடத்தலுக்குக் கட்டாயமானது. எல்டிஏசி போன்றவை கைபேசி, பெட்டி இரண்டும் ஏற்றால்தான் செயற்படும். ஒற்றைக் கூம்புள்ள சிறு பெட்டியில் குறிமுறை தரும் மாற்றத்தைவிடப் பெட்டியை வைக்கும் இடம் தரும் மாற்றம் பெரிது. ஐபி67 என்னும் குறியில் முதல் எண் தூசியையும் இரண்டாவது எண் நீரையும் குறிக்கும். ஐபிஎக்ஸ்7 என்றிருந்தால் தூசிக்கான தரம் குறிக்கப்படவில்லை என்று பொருள். லித்தியம் அயனி மின்கலம் சில நூறு முழுச்சுழற்சிகளுக்குப் பின் கொள்ளளவில் கணிசமாகக் குறையும். அதைக் கழற்றி மாற்ற இயலாத பெட்டி, கூம்பு நன்றாக இருக்கும்போதே குப்பையாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல், பயனரே கழற்றி மாற்றத்தக்க மின்கலத்தைப் பொதுவிதியாக்கியிருக்கிறது. இந்திய வாங்குநரும் மின்கலத்தை மாற்றித் தருவீர்களா என்று இப்போதே கேட்கத் தொடங்கலாம்.

2017இல் 5000 பழைய பாடல்களை உள்ளடக்கி வந்த சாரேகாமா கார்வான் முதியோரிடையே பெற்ற வரவேற்பும் இங்கே நினைக்கத்தக்கது. பழைய டிரான்சிஸ்டரை ஒத்த தோற்றமும், கைக்குப் பழகிய திருகும் அதில் இருந்தன. ஒலியைத் தணிக்கக் கை உடனே செல்லும் ஓர் இடம் கருவியில் இருப்பது சிறு வசதியன்று. கைபேசியைத் தேடி, திரையைத் திறந்து, பிறகு குறைப்பதற்குள் பக்கத்து அறையில் ஒருவர் விழித்துவிடுவார்.

இதைத் தனிமனித நாகரிகம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பு வைத்துள்ளன. கல்வி நிலையங்களைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் பகுதிக்கு அது 50, 40 என மேலும் தாழ்கிறது. ஒரு மீட்டர் தொலைவில் நிகழும் இயல்பான உரையாடலே ஏறத்தாழ 60 டெசிபல் என்பதை எண்ணினால், சமூகம் ஏட்டளவிலேனும் எத்தகைய அமைதியை விரும்பியது என்பது விளங்கும். அந்த அமைதியின் தேவையை நன்கறிந்தோர் மறுநாள் தேர்வுக்குப் படிப்பவரும், ஆய்வேட்டின் கடைசி இயலை எழுதுபவரும், இரவுப்பணி முடித்து உறங்குபவரும்.

எனவே கடைக்குச் செல்வோர் ஒரு பேச்சையும் ஒரு பாட்டையும் கைபேசியில் எடுத்துச் செல்லட்டும்; இரண்டும் நன்கு பழகியவையாக இருக்கட்டும். பெட்டியைக் கை நீட்டும் தொலைவில் வைத்து, ஒலியளவைக் காற்பங்குக்குக் கீழே இறக்கிக் கேட்கட்டும். சொற்கள் பிரிந்து விழுகின்றனவா, பாடகரின் மூச்சு கேட்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு ஐந்தடி நகர்ந்து நின்று, அதே ஒலி மற்றொருவருக்கு எவ்வளவு தொல்லை தரும் என்றும் கேட்டுப் பார்க்கட்டும். இரண்டு இடங்களிலும் தேறும் பெட்டியே அன்றாடத்துக்கு ஏற்றது.