முந்திப் போய்ப் பிந்தி வந்தவர்



பிள்ளைகள் படக்கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே, "போய்ப் பாடத்தைப் படி" என்று அதட்டுவது நம் வழக்கம். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள். குப்பையிலும் குன்றிமணி கிடக்கும் என்பார்களே, அப்படி ஒரு பழைய புத்தகத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் பேசும் ரக்கூனும் நடக்கும் மரமும்தான் ஞாபகம் வரும். 2014-இல் வந்த சினிமா செய்த வேலை அது. ஆனால் அந்தப் பெயருக்கு முதல் சொந்தக்காரர்கள் வேறு நால்வர். அமெரிக்காவின் மார்வெல் கம்பெனி 1969 ஜனவரி தேதியிட்டு வெளியிட்ட புத்தகத்தில் அவர்கள் வந்தார்கள். கதை ஆர்னால்ட் டிரேக், படம் ஜீன் கோலன்.

கதை நடப்பது 31-ஆம் நூற்றாண்டில். மனிதன் வியாழன், புளூட்டோ என்றெல்லாம் குடியேறிவிட்டான். அந்தந்த இடத்துக்குத் தோதாக ஆளின் உடம்பையே மாற்றிவிட்டார்களாம்! உழைத்து உழைத்து முதுகு வளைந்தவர்களுக்கு இது ஒன்றும் புதுக்கதை அல்ல. வியாழனில் ஈர்ப்பு விசை அதிகம். அதனால் அந்த ஊர்க்காரர் சார்லி-27 மலைபோல் தடித்திருப்பார். பெயருக்குப் பின்னால் எண்ணைப் பாருங்கள், செக்ரோலில் பதிந்த மாதிரி! புளூட்டோவில் கடுங்குளிர், அங்குள்ள மார்ட்டினெக்ஸுக்குப் பளிங்கு உடம்பு. ஒரு கையில் சூடு வரும், மறு கையில் குளிர் வரும். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அடுப்பும் வேண்டாம், ஐஸ்பெட்டியும் வேண்டாம்.

மூன்றாமவர் யோண்டு. வேற்று நட்சத்திரத்துக் குடி, நீல நிறம். அம்பை எய்துவிட்டுச் சீட்டியடிப்பார். சீட்டி சொல்கிற பக்கமெல்லாம் அம்பு திரும்பும். நம் வீட்டு நாய்கூட அத்தனை சொன்னபடி கேட்காது.

நான்காமவர் வான்ஸ் ஆஸ்ட்ரோ. பாவம், இவர் கதையைக் கேளுங்கள். 1988-இல் இவரை ஆல்ஃபா செண்டாரிக்கு அனுப்பினார்கள். 1969-இல் எழுதியவர்களுக்கு அந்த 1988 தூரத்து எதிர்காலம்! பயணம் ஆயிரம் வருடம். உறங்க வைத்து, உடம்பு கெடாமல் தலைமுதல் கால்வரை உறை போட்டு அனுப்பினார்கள். விழித்து, போய் இறங்கினால், அங்கே ஏற்கெனவே மனிதர்கள்! இவர் புறப்பட்டு இருநூறு வருடத்தில் ஒளியைவிட வேகமான கப்பலைக் கண்டுபிடித்து, நம் ஆட்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். 'வழியில் ஒரு மனுஷன் தூங்கிக்கொண்டே போகிறாரே, நிறுத்தி ஏற்றிக்கொள்வோம்' என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிரித்துவிட்டீர்களா? இனிக் கொஞ்சம் மனம் கனக்கும். அந்த உறையைக் கழற்றினால் ஆயிரம் வருட முதுமையும் ஒரே நொடியில் வந்துவிடும். ஆகவே அவரால் ஒருவரையும் கைதொட்டுப் பேச முடியாது.

அந்த நேரத்தில் பல்லி முகம் கொண்ட பாடூன் கூட்டம் படையெடுத்து, ஊர் ஊராகப் பிடித்துவிடுகிறது. நால்வரும் தத்தம் இனத்தில் தாம் ஒருவரே மிச்சம் என்று நினைக்கிறார்கள். நிறம் வேறு, ஊர் வேறு, உடம்பே வேறு. ஆனாலும் 'நீ எந்த ஊர், என்ன ஆள்' என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. தோளோடு தோள் சேர்ந்துவிட்டார்கள்.

புத்தகமோ அந்த ஒரு இதழோடு நின்றுபோனது. பூமி அடிமையாய்க் கிடக்க, நம் வீரர்கள் 1974 வரை காணாமற்போனார்கள்! ஒருவழியாக 1975-இல் வேறொரு கூட்டத்தின் கதைக்குள் புகுந்துதான் பூமியை மீட்டார்கள். நம் தொலைக்காட்சித் தொடர்களே தேவலாம்.

பிறகு 2008-இல் அவர்கள் பெயர் புதுக் கூட்டத்துக்குப் போனது. அதிலுள்ள மரம்கூடப் பழைய ஆள்தான். 1960-இல் பூமியைப் பிடிக்க வந்து, கரையானிடம் தோற்றுப்போனது. 2014-இல் படம் உலகெங்கும் ஓடியபோது அதைப் பார்க்க டிரேக் இல்லை. அவர் 2007-லும், கோலன் 2011-லும் காலமாகிவிட்டார்கள். 2017-இல் வந்த இரண்டாம் படத்தில் சார்லிக்கும் மார்ட்டினெக்ஸுக்கும் சில நிமிடங்கள் கிடைத்தன. வான்ஸ் ஆஸ்ட்ரோவுக்கு மட்டும் அங்கேயும் இடமில்லை. மறுபடியும் அவரைத் தாண்டிக்கொண்டு கப்பல் போய்விட்டது!

எங்கேயும் இதுதானே நடக்கிறது? முதலில் புறப்படுகிறவர் காட்டு வழியில் போகிறார், பின்னால் வருகிறவர் தார்ச்சாலையில் போகிறார். பின்னால் வந்தவர்மேல் தப்பில்லை. ஆனால், போகிற வழியில் வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி, முன்னே நடந்தவரை ஏற்றிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்க்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து இந்த நால்வரின் கதையைச் சொல்லுங்கள். அப்படியே, உங்கள் வீட்டில் முதலில் நடந்து வந்தவர் யார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.