தாமதமாக வந்த பிள்ளை!

பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளை. நான்காம் வகுப்பில் எத்தனை மதிப்பெண், எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை, எத்தனை நாள் மணி அடித்த பிறகு ஓடிவந்தது, நடத்தை எப்படி என்று கணக்கெடுத்து ஏடு ஒன்றில் எழுதுகிறார்கள். அந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்துத்தான், ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி வாசல் அதற்குத் திறக்கும் என்று தீர்ப்புக் கூறினார்கள்!

எங்கே இந்த விசாரணை என்கிறீர்களா? உலகத்துப் பணமெல்லாம் வந்து குவியும் நியூயார்க்கில்! அதுவும் அரசாங்கப் பணத்தில், ஊரார் வரியில் நடைபெறும் நடுநிலைப் பள்ளிகளில்!

அந்நகரின் புரூக்ளின் பகுதியில் 15-ஆம் கல்வி மாவட்டம் என்று ஒன்று. பார்க் ஸ்லோப் என்ற பகுதியில் செல்வர்களின் மாடிவீடுகள். ரெட் ஹூக்கில் அரசு கட்டித்தந்த ஏழையர் குடியிருப்பு. சன்செட் பார்க்கில் சீனத்திலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் பிழைக்க வந்த பாட்டாளிகள். இந்த மூவகையார் பிள்ளைகளுக்கும் பொதுவாக 11 நடுநிலைப் பள்ளிகள். 'விரும்பிய பள்ளியைக் கேட்கலாம்' என்று பெற்றோரிடம் சொன்னார்கள். கேட்கலாம், தடையில்லை! ஆனால் பொறுக்கி எடுக்கும் உரிமை பள்ளியிடம் இருந்தது. விளைவு, அம்மாவட்டத்து வெள்ளையர் பிள்ளைகளில் பெரும்பகுதி மூன்று நான்கு பள்ளிகளில் குவிந்தனர். ஏழையும், ஆங்கிலம் இனித்தான் கற்கவேண்டியவரும் மற்றப் பள்ளிகளில் ஒதுங்கினர்.

பிறகு மதிப்பெண் பட்டியல் வெளிவரும். 'பாரீர், இது நல்ல பள்ளி! அது மட்டமான பள்ளி!' என்பார்கள். காய்ச்சல்காரனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, 'எங்கள் மருத்துவமனையில் சாவே கிடையாது' என்று பலகை மாட்டிக்கொள்ளும் வைத்தியரை நாம் என்ன சொல்லுவோம்?

தாமதமாக வந்ததற்குத் தண்டனை என்றார்களே, அதை மட்டும் சற்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே! விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் தாயின் பிள்ளை தம்பியை எழுப்பி, உடுத்தி, கைபிடித்து அழைத்து வரவேண்டும். நியூயார்க்கில் நிரந்தர வீடின்றி, விடுதியிலும் உறவினர் வீட்டு மூலையிலும் தங்கிப் படிக்கும் மாணவர் தொகை ஒரு லட்சத்துக்கு மேல். அந்தப் பிள்ளைகள் விடுதியிலிருந்து பள்ளிக்கு வர எத்தனை தொலைவோ! காரில் வந்து இறங்கும் பிள்ளை நேரத்துக்கு வருகிறது. வருகைப் பதிவேடு இருவரையும் ஒரே கோலால் அளக்கிறது. அதற்குப் பெயர் தகுதியாம், திறமையாம்! நம் காதுக்குப் பழகிய சொற்கள்தாம்.

இந்த வழக்கு நேற்று முளைத்ததன்று. 1958-ல் ஹார்லெம் பகுதியின் கறுப்பினத் தாய்மார்கள், 'எம் பிள்ளைகளை இந்த நடுநிலைப் பள்ளிகளுக்கு அனுப்பமாட்டோம்' என்று நிறுத்தி வைத்தனர். கல்வியில் அக்கறையற்றவர்களா அவர்கள்? அக்கறை மிகுந்ததால் வந்த போராட்டம் அது. நகராட்சியோ, கட்டாயக் கல்விச் சட்டத்தை மீறினர் என்று தாய்மார்களையே கூண்டில் ஏற்றியது. ஒரு நீதிபதி நால்வரைக் குற்றவாளிகள் என்றார். அதே ஆண்டு டிசம்பரில் ஜஸ்டின் வைஸ் போலியர் என்ற பெண் நீதிபதி, மற்றும் இருவர் மீதிருந்த வழக்கைத் தள்ளினார். அவர் பிள்ளைகளின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடவில்லை. பாடம் நடத்த வந்தவர் யார் என்று பார்த்தார். கறுப்பினப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளில், முறையான தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர் இல்லாத இடங்கள், வெள்ளையர் பள்ளிகளைவிட மிக அதிகமாக இருந்தன. தகுதியான ஆசிரியரை அனுப்பாத அரசு, தகுதியில்லை என்று பிள்ளையைச் சொல்லலாமா?

தென்மாநிலங்களைப் போல அங்கே பிரித்துவைக்கும் சட்டம் இல்லை. 1954-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறத்தால் பள்ளியைப் பிரிப்பது செல்லாது என்று கூறியும் ஆயிற்று. சட்டம் இல்லாமலே தெருக்கோடும் வாடகையும் பிரித்து வைத்தன. அதனால்தான் 1964 பிப்ரவரி 3-ல், மில்டன் கலமிசன் என்ற பாதிரியாரும் பேயார்ட் ரஸ்டினும் விடுத்த அழைப்பை ஏற்று, நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அந்நகரில் பள்ளியைப் புறக்கணித்தனர். ஒரே நாளில், ஒரே நகரில்!

இரண்டாண்டு கழித்து, 1966-ல், ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஆய்வறிக்கை ஒன்று வந்தது. நாடெங்கும் ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களைச் சோதித்துப் பார்த்து எழுதியது. மதிப்பெண்ணில் வீட்டின் நிலைமைக்கே பெரும்பங்கு என்றது. உடனே, 'அப்படியானால் பள்ளிக்குப் பணம் எதற்கு?' என்று கிளம்பினர் சிலர். அதே அறிக்கை, உடன் படிக்கும் பிள்ளைகள் யார் என்பதும் ஏழைப் பிள்ளையின் தேர்ச்சியைப் பாதிக்கிறது என்று கூறியதே, அதை ஏன் விழுங்கினர்?

அந்த இடத்தில்தான் புரூக்ளின் பெற்றோர்கள் கைவைத்தார்கள். பல கூட்டங்கள், பலத்த வாதங்களுக்குப் பிறகு, 2018-ல் திட்டம் ஒப்புதல் பெற்றது. 11 பள்ளிகளிலும் சல்லடை நீக்கப்பட்டது. இனிக் குலுக்கல்தான். இடங்களில் 52 விழுக்காடு, ஏழைக் குடும்பத்தார், ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள், நிலையான வீடற்றவர் ஆகியோருக்கு முன்னுரிமை. அந்தப் பகுதி மாணவரில் அவர்களின் பங்கை ஒட்டி எடுத்த கணக்கு அது. நிறத்தைக் கேட்கவில்லை, நிலைமையைக் கேட்டார்கள். 2019-ல் சேர்ந்த வகுப்பிலேயே, மேட்டுக்குடிப் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் தொகை உயர்ந்தது.

2020-ல் கொரோனா வந்து, தேர்வும் வருகைப் பதிவும் குலைந்தபோது, நகர் முழுவதும் நடுநிலைப் பள்ளிகளில் சல்லடையை நிறுத்தினர். நோய் வந்து செய்ததை நியாயம் கேட்டவர்கள் அறுபது ஆண்டு போராடியும் செய்ய முடியவில்லை என்பது வெட்கக்கேடு! 2022-ல் வேறு ஆட்சி. சல்லடை வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தந்தக் கல்வி மாவட்ட அதிகாரியே முடிவு செய்யட்டும் என்று விட்டனர். சில பள்ளிகளில் அது திரும்பிவந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லுவோம். ஒரே வகுப்பில் உட்கார வைத்ததாலேயே இடைவெளி மறைந்துவிடாது. பத்து வயது வரை ஒருவனுக்குத் தனிப்பாடம், இன்னொருவனுக்குத் தங்குவிடுதி என்றிருந்த பிறகு, பதினோராம் வயதில் பக்கத்தில் அமர்ந்தவுடன் இருவர் மதிப்பெண்ணும் ஒன்றாகுமா? ஆங்கிலம் அரைகுறையாக அறிந்த பிள்ளைக்குத் துணை ஆசிரியர் வேண்டும், மாலையில் படிக்க வெளிச்சமுள்ள இடம் வேண்டும், வீட்டுக்குத் திரும்பப் பேருந்து வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் ஒதுக்கவேண்டியவர்கள், மதிப்பெண் பட்டியல் வெளிவரும் நாளில் மட்டும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வருகிறார்கள்.