பேர் வெட்டப்பட்டோர்: ஓய்வுபெற்ற அரச தோட்டத் தொழிலாளரும் தொழிற்சங்கங்களின் கடனும்

நாவலப்பிட்டி புகையிரதத்தால் வளர்ந்த நகரம். 1874ஆம் ஆண்டில் இருப்புப்பாதை இவ்விடத்தை அடைந்தது. ஹட்டனை எட்ட மேலும் பத்தாண்டுகள் சென்றன. அக்காலந்தொட்டு இருவகை உழைப்பாளர் இந்நகரின் தெருக்களில் நடமாடி வருகின்றனர். ஒரு சாரார் நிலையத்திலும் இயந்திரக் கொட்டகையிலும் பாதையிலும் தொழில்புரிந்த புகையிரத ஊழியர். மறு சாரார் தோட்டங்களிலிருந்து கடைத்தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இறங்கிவரும் தோட்டத் தொழிலாளர். இரு சாராரும் முதுமை அடைகின்றனர். அம்முதுமையில் அவர்களுக்குக் கிடைப்பது யாது, அதனைக் கேட்டுப் பெற்றுக்கொடுப்பவர் யார் என்பனவே இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள்.

ஓய்வூதியம் வங்கிக்கு வந்துசேரும் நாளில் முன்னாட் புகையிரத ஊழியர் சிலரை நகரிற் காணலாம். வங்கியில் அலுவல் முடிந்ததும் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்து பழைய கதைகளைப் பேசுவர். புதிய சுற்றறிக்கையைப் பற்றி விவாதிப்பர். எவருக்கேனும் படிவம் நிரப்ப வேண்டியிருப்பின் அவ்விடத்திலேயே நிரப்புவர். அவர்களுடைய ஓய்வூதியம் பெரிய தொகையன்று. ஆயினும் அது மாதந்தோறும் வருகிறது. வராவிடில் எவரிடம் கேட்பது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அதே வங்கிக்கு என் அம்மாயியும் சென்றதுண்டு. கையில் ஒரு பொலித்தீன் பை. அதனுள் அடையாள அட்டை, பழைய சம்பளத் துண்டுகள், மடிப்பிற் கிழிந்த கடிதங்கள். கண்டி மாவட்டத்தின் அரச தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர் அவர். ஓய்வின் பின்னர் எங்களுடன் நாவலப்பிட்டியில் வாழ வந்தார். சேமலாப நிதி முழுமையாக வந்ததா, சேவைக்காலப் பணம் எப்போது வரும் என்பவற்றை அறிவதற்காக அவர் அலைந்த அலைச்சலை நான் சிறுவயதில் உடனிருந்து கண்டேன்.

இருவரும் அரசின் ஊழியரே. ஒருவர் அரசின் இருப்புப்பாதையில் உழைத்தார். மற்றவர் அரசின் தேயிலை மலையில் உழைத்தார். ஒருவர் பெறுவது உரிமை என்றும் மற்றவர் கேட்பது இரப்பு என்றும் ஆகிவிட்டதேன்? அரசு கொடுக்கவில்லை என்பது பாதி விடை. கேட்பதற்கு ஓர் அமைப்பில்லை என்பது மறுபாதி. இம்மறுபாதியைப் பற்றியே நாம் மௌனம் சாதிக்கின்றோம்.

தோட்டத் தொழிலாளி எவ்வாறு அரசின் ஊழியரானார் என்பதைச் சிலர் மறந்திருக்கலாம். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் வந்த அதன் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் முகாமை 22 பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. விளைச்சல் குன்றிய, வயது முதிர்ந்த தேயிலைச் செடிகளைக் கொண்ட கண்டி, மாத்தளைப் பகுதித் தோட்டங்கள் பல அரசின் கையிலேயே எஞ்சின. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தகத் தேயிலைச் செய்கையைத் தொடங்கிய லூல்கந்துரையும் அவற்றுள் ஒன்று. பேராதனை விடுதிகளின் சாளரத்தைத் திறந்தாற் தோன்றும் ஹந்தானை மலையிலும் ஜனவசமவின் தோட்டம் உண்டு. அம்மலையைப் பற்றிக் கவிதை எழுதாத மாணவர் இங்குக் குறைவு. அம்மலையில் உழைத்து ஓய்ந்தோரின் கணக்கைப் பார்த்த மாணவர் அதனினும் குறைவு.

அக்கணக்கை இனிப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்வழங்குநர் கூலியின் 12 சதவீதத்தையும் தொழிலாளி 8 சதவீதத்தையும் செலுத்துதல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்வழங்குநர் மேலும் 3 சதவீதம் செலுத்துதல் வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு சேவையை நிறைவுசெய்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் கூலியை வழங்குகின்றது. சேவை முடிந்து முப்பது நாட்களுள் அது கைக்குக் கிடைத்தல் வேண்டும்.

எழுத்தில் உள்ளவை இவை. நடந்தது வேறு. அரச தோட்டங்கள் பல்லாண்டுகளாக இந்நிதிகளுக்குரிய பணத்தைக் கோடிக்கணக்கில் நிலுவையாக வைத்திருந்தன. பாராளுமன்றத்தின் கோப் குழுவிலும் அது பேசப்பட்டது. இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். செலுத்தப்படாத 20 சதவீதத்தில் 8 சதவீதம் தொழிலாளியின் கூலியிலிருந்தே கழிக்கப்பட்டது. அது தொழிலாளியின் சொந்தப் பணம். சம்பளத் துண்டிற் கழிவு காட்டப்பட்டிருக்கும். நிதிக்குப் பணம் போயிராது. தனிமனிதன் ஒருவன் பிறர் பணத்தை இவ்வாறு வைத்திருப்பின் அதற்கு உலகம் வழங்கும் பெயர் வேறு. அரச நிறுவனம் செய்தால் அதன் பெயர் 'நிதி நெருக்கடி'.

தாமதத்தின் விளைவையும் எண்ணிப் பார்க்கலாம். முப்பது ஆண்டு உழைத்தவருக்குப் பணிக்கொடை 420 நாட் கூலி. 2019இல் 700 ரூபா அடிப்படைக் கூலியில் ஓய்வுபெற்றவருக்கு அது 2,94,000 ரூபா. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாயிற்று. 2024இல் 1,350 ரூபாவாயிற்று. ஆனால் பணிக்கொடை இறுதியாகப் பெற்ற கூலியின்படியே கணிக்கப்படும். இடையில், 2022 செப்டெம்பரில், நாட்டின் ஆண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. 2019இல் வரவேண்டிய பணம் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அதே இலக்கத்தில் வருமாயின், வருவது பணத்தின் நிழலே. தாமதத்துக்கு மேலதிகத் தொகை உண்டென்பர். உண்டு, பணிக்கொடைச் சட்டத்தில் அதன் உச்சவரம்பு 30 சதவீதம். ஓராண்டு தாண்டியபின் மேலும் பத்தாண்டு தாமதித்தாலும் அத்தொகை கூடாது. அதாவது, முதலாண்டுக்குப் பின்னர் தாமதம் இலாபமாகின்றது. இவ்வோட்டையை அடைக்கக் கோரி எத்தனை மேதின மேடைகளிற் குரல் எழுந்தது?

தொழிற்சங்கங்களின் பெருமையை நாம் மறுக்கவில்லை. 1940 ஜனவரி 10ஆம் திகதி இதே கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வும் சங்க உரிமையும் கேட்ட போராட்டத்திற் கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியபின், சங்கமே அவர்களுக்குப் பாராளுமன்றமும் நீதிமன்றமும் கச்சேரியுமாக விளங்கிற்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி 1984இற் கிட்டியதும் போராட்டத்தாலேயே. ஆனால் இப்பெருமையே இன்றைய கேள்வியைக் கூர்மையாக்குகின்றது. இவ்வரலாற்றைப் படைத்தவர் யார்? இன்று லயத்து வாசலில் குந்தியிருக்கும் அம்முதியோரும் அவர்தம் பெற்றோருமன்றோ?

தோட்டங்களிற் சந்தா செக்ரோலின் வழியே கழிக்கப்படுகின்றது. செக்ரோலிற் பேர் உள்ளவரை சந்தா. சந்தா உள்ளவரை அங்கத்துவம். ஓய்வுபெறும் நாளிற் பேர் வெட்டப்படுகின்றது. தோட்டக் கந்தோர் ஒரு கோடு கிழிக்கின்றது; சங்கமும் அதே கோட்டைத் தன் ஏட்டிற் கிழிக்கின்றது. அம்மாயி தம் தோட்டத் தலைவரிடம் போய் நின்ற நாள் எனக்கு நினைவிருக்கிறது. அவர் தீயவரல்லர், மரியாதையுடனேயே பேசினார். "பெரியம்மா, ஒங்களுக்கு இப்ப சந்தா வெட்டுறதில்லையே. நா எந்தக் கணக்குல போயி தொரகிட்ட பேசுறது?" என்றார். அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில் மட்டும், "முப்பது வருசம் வெட்டுனாங்களே, அது எந்தக் கணக்குலடா போச்சு?" என்று என்னைக் கேட்டார். பல்கலைக்கழகம் வந்து இத்தனை நூல்களைப் படித்தபின்னும் அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

எம் வாதத்துக்கு மூன்று மறுப்புகள் கூறப்படுவதுண்டு. முதலாவது, அரச தோட்டங்கள் நட்டத்தில் இயங்கின. இல்லாத பணத்தை எங்ஙனம் கொடுப்பது என்பது. நட்டத்துக்குக் காரணம் கொழுந்து பறித்தவரா? மீள்நடுகை செய்யாதவர் யார்? நல்ல தோட்டங்களைப் பிரித்துக்கொடுத்து நலிந்தவற்றை வைத்துக்கொண்டவர் யார்? புகையிரதத் திணைக்களமும் நெடுங்காலம் நட்டத்திலேயே ஓடியது. அதற்காகப் புகையிரத ஊழியரின் ஓய்வூதியத்தை எவரும் நிறுத்தி வைக்கவில்லை, நிறுத்தவும் கூடாது. ஒரே திறைசேரிக்கு இரண்டு நீதிகள் இருத்தல் தகாது.

இரண்டாவது, தொழிற்சங்கம் தொழில் செய்வோருக்கே உரியது என்பது. இது சங்கத்தின் இலக்கணத்தையே குறுக்குவதாகும். இத்தாலியின் சி.ஜி.ஐ.எல். என்னும் பெருஞ் சம்மேளனத்தின் அங்கத்தவருள் ஏறக்குறைய பாதிப்பேர் ஓய்வுபெற்றோரே; அவர்களுக்கெனத் தனிச் சங்கம் அதனுள் இயங்குகின்றது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டு அரச ஓய்வூதியர் செய்தது என்ன? 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை சம்பளங்களைப் படிப்படியாக உயர்த்தியபோது, முன்னரே ஓய்வுபெற்றோர் பின்தங்கினர். 2020 ஜனவரியில் வரவிருந்த திருத்தமும் இடைநிறுத்தப்பட்டது. அவர்கள் கலைந்துபோகவில்லை, மனு எழுதினர், வீதியில் நின்றனர். 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத்திட்டம் அம்முரண்பாட்டை மூன்று கட்டங்களிற் சீர்செய்ய இசைந்தது; முதற்கட்டம் அவ்வாண்டு யூலையில் தொடங்கிற்று. எழுபது வயதினர் கூடி நின்றால் ஒரு சுற்றறிக்கையை அசைக்கலாம் என்பதற்கு இஃது சான்று.

மூன்றாவது, பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது. கொழும்பிலும் பிறநாட்டிலும் கூலிக்கு உழைத்துப் பிள்ளைகள் அனுப்பும் பணம் பிள்ளைகளின் அன்பு. அது தோட்டம் செலுத்தவேண்டிய கடனுக்கு ஈடாகாது. இந்திய உயர் நீதிமன்றம் 1982 டிசெம்பர் 17ஆம் திகதி நகாரா வழக்கில் வழங்கிய தீர்ப்பு, ஓய்வூதியம் தருபவரின் கருணையில் தங்கிய கொடையன்று, உழைத்தவரின் உரிமை என நிலைநாட்டியது. இந்திய ஓய்வூதியர் அந்நாளை ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். நமது சட்டமோ 'பணிக்கொடை' என்ற பெயரை வைத்துக்கொண்டிருக்கின்றது. கொடை என்ற சொல்லிலேயே கொடுப்பவன் உயர்ந்தும் பெறுபவள் தாழ்ந்தும் நிற்பதைக் காண்க.

கடல் கடந்தாலும் கதை மாறவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இம்மலைகளிலிருந்து அனுப்பப்பட்டோருக்கு வேலை தரும்பொருட்டுத் தமிழ்நாட்டரசு நீலகிரியிலே தேயிலை நட்டது; 1976இல் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் உருவாயிற்று. அங்கும் அரசே முதலாளி. அங்கும் ஓய்வுபெற்றோர் தம் பணப் பயன்களுக்காகவும், குடியிருந்த லயத்தை விட்டு வெளியேற்றப்படாதிருப்பதற்காகவும் போராட நேர்ந்தது. ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் இரு நாடுகளில் ஒரே வாசலில் நின்று ஒரே பணத்தைக் கேட்கின்றன.

ஆகவே நாம் கோருவன யாவை? முதலாவது, ஒவ்வொரு தோட்டத் தொழிற்சங்கமும் ஓய்வுபெற்றோர் கிளையை அமைத்து, பெயரளவான சந்தாவுடன் வாக்குரிமையுள்ள அங்கத்துவத்தை வழங்குதல் வேண்டும். நெடுங்காலம் சந்தா செலுத்தியவரிடம் மீண்டும் சந்தா கேட்பதே நாணத்தக்கது. ஆயினும் வாக்கில்லாதவரைத் தலைவர்மார் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் இதனைக் கூறுகின்றோம்.

இரண்டாவது, ஓய்வுக்கு ஓராண்டு முன்னரே ஒவ்வொருவரின் கோவையும் சரிபார்க்கப்படுதல் வேண்டும். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் ஒன்றுமேயில்லை என்பது மலையகத்தின் பழைய நோய். பலருக்குப் பிரசாவுரிமை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே உறுதியாயிற்று. எழுதுவினைஞர் கேட்டபடி எழுதிய பெயர்களோடு அவர்கள் அதுவரை வாழ்ந்தனர். இராமாயி 'ராமாய்' ஆனதற்கு இராமாயி பொறுப்பல்லர்.

மூன்றாவது, தாமதத்துக்கான மேலதிகத் தொகை ஓராண்டுடன் நில்லாது, பணம் கைக்குக் கிடைக்கும் நாள்வரை வளருமாறு சட்டம் திருத்தப்படுதல் வேண்டும். அரச தோட்டக் காணி எதுவும் குத்தகைக்கோ கைமாற்றத்துக்கோ விடப்படுமாயின், அதிலிருந்து வரும் பணத்தின் முதலுரிமை ஓய்வுபெற்றோரின் நிலுவைக்கே உரியதாதல் வேண்டும்.

நான்காவது கோரிக்கை நமக்கே உரியது. நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் கலஹாவிலும் மாதமொரு சனிக்கிழமை ஒரு மேசையும் நான்கு கதிரைகளும் இடமுடியாதா? படிவம் நிரப்பவும், தொழில் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதவும், சிங்களத்தில் வந்த பதிலை வாசித்துச் சொல்லவும் மும்மொழி கற்ற மாணவர் இங்கிலரோ? ஆண்டு விழாவில் மலையக மக்களின் துயரத்தைப் பட்டிமன்றப் பொருளாக்கிக் கைதட்டல் பெறுவோர், அத்துயரத்தின் ஒரு கோவையையாவது கையிலெடுத்தல் நன்று.

என் அம்மாயியின் பொலித்தீன் பை இன்றும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அவர் இன்றில்லை. ஒரு பகுதிப் பணம் வந்தது, எஞ்சியது வரவில்லை. செக்ரோலிலிருந்து பேரை வெட்டுவது தோட்டக் கந்தோரின் வேலை. அதனைத் தடுக்க எவராலும் இயலாது. சங்கத்தின் ஏட்டிலிருந்தும் அப்பேரை வெட்டவேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. அந்தக் கோட்டைக் கிழித்தவர்கள் நாமே. அதனை அழிக்கவேண்டியவர்களும் நாமே.